வெறும் ரொட்டி

ஜூன் 4

மதிப்பிற்குரிய போதகர் அவர்களுக்கு,

'அன்புள்ள மருமகனுக்கு' என்றுதான் முதலில் தொடங்கினேன். அக்கா மகனே ஆனாலும் சபை விஷயத்தில் உறவு சொல்லி எழுதுவது முறையா என்று சந்தேகம் வந்ததால் அந்தத் தாளை விட்டுவிட்டு இதில் எழுதுகிறேன்.

நேற்று உங்களைப் பார்க்கக் குருமனைக்கு வந்திருந்தேன். "எதுவானாலும் எழுதிக் கொடுங்க, வாய்ப்பேச்சு பிறகு வேற மாதிரி ஆயிடுது" என்று வாசலில் நின்றபடியே சொன்னீர்கள். நியாயம்தான். அதே வாசலில் நானும் பல பேரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன். உட்காரச் சொல்லிவிட்டுச் சொன்னதாக ஞாபகம். ஞாபகம் தவறாகவும் இருக்கலாம்.

உங்கள் அத்தைக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து வலது கையும் காலும் விளங்கவில்லை. பேச்சு குழறுகிறது. திட்டும்போது மட்டும் தெளிவாக இருக்கிறது. கஞ்சியும், பாலில் ஊறவைத்த ரொட்டியும் இறங்குகின்றன. இனி அதிக நாள் இல்லை என்று மருத்துவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். கதவு திறந்திருந்ததால் அவளும் கேட்டுவிட்டாள்.

அவள் போவதற்கு முன் ஒருமுறை திருவிருந்து அப்பம் எடுக்க விரும்புகிறாள். என் கையால் வேண்டும் என்கிறாள். "நீங்க ஓய்வு வாங்குற வரைக்கும் உங்க கையாலதானே வாங்கினேன், கடைசிக்கு வேற கையா?" என்று கேட்கிறாள்.

ஓய்வு பெற்ற போதகர், தற்போதைய போதகரின் அனுமதி இல்லாமல் அதே சபையாருக்குத் திருவிருந்து கொடுக்கக் கூடாது என்ற விதி எனக்குத் தெரியும். ஆகையால் அனுமதி கேட்கிறேன். ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும். பொறுப்பை விட்ட அன்று அங்கியை மடித்து அலமாரியில் வைத்துச் சாவியை உங்களிடம் கொடுத்தேன். கைகளைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவற்றுக்கு இப்போது என்ன மதிப்பு என்று எனக்கே நிச்சயமில்லை. அதனால்தான் கேட்கிறேன்.

தங்கள்,
ஓய்வு பெற்ற போதகர்


ஜூன் 7

கர்த்தருக்குள் அன்பான மாமா,

கடிதம் கிடைத்தது. அத்தையின் நிலை அறிந்து வருந்துகிறேன். தினமும் ஜெபிக்கிறேன்.

கைகளுக்கு என்ன மதிப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அதிகாரம் கையில் இல்லை, பொறுப்பில் இருக்கிறது. பொறுப்பை ஒப்படைத்தபோது அதுவும் அதனோடு வந்துவிட்டது. நீதிபதி ஓய்வு பெற்று வீட்டுக்குப் போன பிறகு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னால் யார் கேட்பார்கள்?

ஆனால் நம் சபையில் கேட்கிறார்கள். அதுதான் என் கஷ்டம். நான் பொறுப்பேற்று ஐந்து வருடம் ஆகிறது. இன்னும் நீங்கள் 'பெரியவர்', நான் 'சின்னவர்'. கல்யாணத் தேதியை உங்களிடம் கேட்டு முடிவு செய்துவிட்டு என்னிடம் தகவல் சொல்ல வருகிறார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் நிற்கிறேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "பெரியவர் சௌக்கியமா?" என்கிறார்கள். இந்த நிலையில் நீங்கள் படுக்கையருகில் அப்பம் பிட்டால் அடுத்த வாரம் எத்தனை படுக்கைகள் உங்களைக் கூப்பிடும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே அனுமதி இல்லை. நானே வருகிறேன், புதன் மாலை. நான் என்ன வேற்று ஆளா? அத்தை போட்ட சாப்பாட்டில் வளர்ந்தவன். மற்றவர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு போட்டது என்றாலும் சாப்பாடு சாப்பாடுதானே.

உங்கள் மருமகன்,
போதகர்


ஜூன் 8

மதிப்பிற்குரிய போதகர் அவர்களுக்கு,

நீங்கள் எழுதியதைப் பலமுறை படித்தேன். அதில் தவறு எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவளிடம் சொன்னேன். சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளலாமா என்று தெரியவில்லை. இருந்தாலும் புதன்கிழமை வாருங்கள்.

ஒரு வேண்டுகோள். தனியாக வாருங்கள். அவள் வாய் உங்களுக்குத் தெரியும். வீட்டுக்குள் நடப்பது வீட்டுக்குள்ளேயே இருக்கும்.

அறை சிறியது. படிக்கட்டில் மூன்றாவது படி ஆடும், பார்த்து ஏறுங்கள்.

தங்கள்,
ஓய்வு பெற்ற போதகர்


ஜூன் 16

ஐயா,

தனியாக வரச் சொன்னீர்கள். வீட்டில் வைத்துத் திருவிருந்து கொடுக்கும்போது மூப்பர்கள் இருவர் உடனிருக்க வேண்டும் என்பது நீங்களே ஏற்படுத்திய வழக்கம். அதன்படி பொருளாளரையும் பாடகர் குழுத் தலைவரையும் அழைத்து வந்தேன்.

நடந்ததை நீங்களும் பார்த்தீர்கள். ஆனாலும் எழுத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். நான் முறைப்படி எல்லாம் செய்து, ரொட்டியை அப்பமாக்கும் வார்த்தைகளைச் சொல்லி, அப்பத்தை உங்கள் மனைவியிடம் நீட்டினேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்னடா குட்டிப் பிரசங்கி, ஸ்டூல் கொண்டுவரலையா? ஏறி நின்னாத்தானே உனக்குப் பேச்சு வரும்?" என்றார். குழறல் இல்லாமல் சொன்னார். பொருளாளர் இருமுவது போல் சிரித்தார். அதன் பிறகு உங்கள் மனைவி வாயை இறுக மூடிக்கொண்டார். நான் கையை நீட்டியபடி நின்றேன். நீங்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை பிரசங்க மேடைக்குப் பக்கத்தில் யாரோ ஒரு ஸ்டூலை வைத்திருந்தார்கள். கோயில்பிள்ளையைக் கேட்டேன். மணியடிப்பதும் பெருக்குவதும்தான் என் வேலை, ஸ்டூலைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்றான். சிரிப்பை அடக்கியதில் அவன் உதடும் துடித்தது.

இது எனக்குப் புதிதல்ல. அப்பா அம்மா போன பிறகு உங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த புதிது. ஒரு நாள் பசி தாங்காமல் ஆலயத்தின் பின்னறையில் திருவிருந்துக்கு வைத்திருந்த ரொட்டியை எடுத்துத் தின்றுவிட்டேன். அத்தை என் காதைப் பிடித்துக் கூடத்துக்கு இழுத்து வந்தார். விருந்தினர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மிச்ச ரொட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு முழங்காலில் நிற்கச் சொன்னார். "பாருங்க, கடவுளையே திருடித் தின்னவன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

அப்போது நீங்கள் வந்தீர்கள். "வார்த்தை சொன்னாத்தான் அது அப்பம். அதுவரைக்கும் ரொட்டிதானே, விடும்மா" என்றீர்கள். மெதுவாகச் சொன்னீர்கள். நீங்கள் எதையுமே சத்தமாகச் சொன்னதில்லை. அத்தை விடவில்லை. நீங்கள் உங்கள் அறைக்குப் போய்விட்டீர்கள்.

என் தீர்மானம் இது. அதே இரண்டு மூப்பர்கள் முன்னால் உங்கள் மனைவி மன்னிப்புக் கேட்கும் வரை அவருக்குத் திருவிருந்து இல்லை. என் கையாலும் இல்லை, யார் கையாலும் இல்லை.

போதகர்


ஜூன் 20

மதிப்பிற்குரிய போதகர் அவர்களுக்கு,

மன்னிப்புக் கடிதம் ஒன்றை நானே எழுதி அவளிடம் வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்துவிட்டு, "யார் எழுதினது?" என்றாள்.

"நான்தான்."

"கையெழுத்து உங்களோடது. வார்த்தை அவனோடது."

அவள் இடது கைப் பெருவிரலில் மை தடவி, ரேகை வைக்கச் சொன்னேன். விரலை மடக்கிக்கொண்டாள். போர்வையில் மை பட்டதுதான் மிச்சம்.

ஆனால் உங்கள் கடிதத்தில் நீங்கள் எழுதியிருந்த அந்தப் பழைய சம்பவத்தையும் வாசித்தேன். வாசிக்கலாமா என்று யோசித்துத்தான் வாசித்தேன். பிறகு, "பசின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா காதைப் பிடிச்சு இழுத்திருப்பேனா அவனை? வாயிருந்துச்சே அவனுக்கு, சொல்லலையே" என்றாள். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "முட்டி போட வச்சது தப்புதான். அவன் தனியா வரட்டும், அவன்கிட்ட சொல்றேன். அந்த ரெண்டு இருமல்காரனுங்க முன்னால சொல்ல மாட்டேன்" என்றாள்.

திருமணமான நாளிலிருந்து அவள் யாரிடமும் தப்பு என்று சொல்லி நான் கேட்டதில்லை. என்னிடம் சொன்னதே இல்லை. தயவுசெய்து வாருங்கள். அப்பம் கொண்டுவர வேண்டாம். சும்மா வாருங்கள். மற்றது பிறகு தானாக நடக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. எனக்குத் தோன்றுவது பெரும்பாலும் நடப்பதில்லை, ஆனாலும் கேட்கிறேன்.

இப்போது ரொட்டி கூடக் கஷ்டப்பட்டுத்தான் இறங்குகிறது.

தங்கள்,
ஓய்வு பெற்ற போதகர்


ஜூன் 22

ஐயா,

என்னை முழங்காலில் நிறுத்தியது தனியாக அல்ல. மன்னிப்பும் தனியாக இருக்க முடியாது.

போதகர்


ஜூலை 1, காலை

மதிப்பிற்குரிய போதகர் அவர்களுக்கு,

உங்கள் அத்தை இன்று விடிந்ததும் இறந்துபோனாள்.

ஆலயக் கல்லறைத் தோட்டத்தில் எங்கள் பாப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் படுக்கிற அளவு இடம் விட்டிருக்கிறது. பாப்பாவைப் புதைத்த அன்றே, "இது எனக்கு, நீங்க வேற இடம் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டாள். அந்த இடத்தை அவளுக்குத் தர வேண்டுகிறேன். வேறு எதுவும் கேட்கவில்லை. ஆராதனையை நீங்களே நடத்துங்கள். நான் மற்றவர்களோடு உட்கார்ந்துகொள்கிறேன்.

கோயில்பிள்ளை காத்திருந்து பதில் வாங்கி வருவதாகச் சொல்கிறான். வெயில் ஏறுகிறது.

தங்கள்,
ஓய்வு பெற்ற போதகர்


ஜூலை 1

ஓய்வு பெற்ற போதகர் அவர்களுக்கு,

இழப்புக்கு வருந்துகிறேன்.

இந்த நேரத்தில் இதைக் கேட்க வேண்டியிருப்பதற்கு நான் காரணமல்ல. உங்கள் வீட்டுக்கு உடம்பு துடைத்துவிட வரும் நர்ஸ், சபைப் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் ஒரு விஷயம் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் கதவிடுக்கில் பார்த்தாராம். மேசையில் வெள்ளைத் துணி. தட்டில் ரொட்டி. நீங்கள் அதைப் பிட்டு உங்கள் மனைவியின் வாயில் வைத்தீர்கள். "பெரியவர் அம்மாவுக்குக் கடைசி அப்பம் கொடுத்துட்டார்" என்று பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்களாம்.

அது அப்பம் என்றால், தடை செய்யப்பட்டவர் தடையை மீறி எடுத்திருக்கிறார், அதிகாரம் இல்லாதவர் கொடுத்திருக்கிறார். அப்படிப்பட்டவருக்கு ஆலயத் தோட்டத்தில் இடம் இல்லை. பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் உள்ள பொது இடுகாட்டில்தான் இடம் கிடைக்கும்.

அது அப்பம் அல்ல என்றால் பாப்பாவுக்குப் பக்கத்தில் இடம் தயார். குழி வெட்டுகிறவர் மண்வெட்டியோடு உட்கார்ந்திருக்கிறார். ஒரு வாசகம் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். 'நான் என் மனைவிக்குக் கொடுத்தது திருவிருந்தின் அப்பம் அல்ல, சாதாரண உணவு. அதைக் கொடுக்கும் அதிகாரம் எனக்கு இல்லை.' கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். ஆராதனையில் எழுந்து நின்று நீங்களே இதை வாசிக்க வேண்டும். பின்வரிசைக்குக் கேட்கும்படி வாசிக்க வேண்டும்.

'வார்த்தை சொன்னால்தான் அப்பம்' என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் நீங்கள். அதைச் சொன்னீர்களா இல்லையா என்று நான் விசாரிக்கப் போவதில்லை. நீங்கள் எழுதித் தருவதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன்.

போதகர்


ஜூலை 1, பிற்பகல்

மதிப்பிற்குரிய போதகர் அவர்களுக்கு,

கையெழுத்துப் போட்டு இணைத்திருக்கிறேன்.

ஒரே ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். 'சாதாரண உணவு' என்ற இடத்தில் 'வெறும் ரொட்டி' என்று எழுதியிருக்கிறேன். பொருள் மாறவில்லை என்று நினைக்கிறேன். உங்களுக்குச் சம்மதம் இல்லையென்றால் நீங்கள் எழுதியபடியே வேறு தாளில் எழுதித் தருகிறேன்.

பின்வரிசைக்குக் கேட்குமா என்று தெரியவில்லை. முயல்கிறேன்.

தங்கள்,
ஓய்வு பெற்ற போதகர்


ஜூலை 10

அன்புள்ள மாமா,

நலமா? சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள்? குருமனையிலிருந்து தினமும் கொடுத்தனுப்பச் சொல்லியிருக்கிறேன். மறுக்காதீர்கள். நேரத்துக்கே வரும், எல்லோரும் சாப்பிட்டு எழும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அன்று ஆராதனையில் நீங்கள் வாசித்தது பின்வரிசை வரைக்கும் கேட்டது. உங்கள் குரல் அவ்வளவு தூரம் போகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பெண்கள் பக்கத்தில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. சபையில் இப்போது ஒரு தெளிவு வந்திருக்கிறது. கடந்த ஞாயிறு வாசலில் ஒருவரும் 'பெரியவர்' என்று ஆரம்பிக்கவில்லை. ஸ்டூலும் காணோம்.

மனம் விட்டு ஒன்று சொல்கிறேன். நீங்கள் எழுதித் தந்தது பொய் என்று எனக்குத் தெரியும். துணி விரித்து, கதவைச் சாத்தி, மனைவியின் கடைசி ஆசைக்காக ரொட்டியைப் பிட்ட ஒரு போதகர் வார்த்தையைச் சொல்லாமல் விடுவாரா? உங்கள் ஆயுளில் நீங்கள் சொன்ன ஒரே பொய் அதுவாகத்தான் இருக்கும். அத்தைக்கு ஓர் இடம் கிடைப்பதற்காகச் சொன்னீர்கள். அதை நான் மதிக்கிறேன். மன்னித்தும் விட்டேன். 'வெறும் ரொட்டி' என்று நீங்கள் மாற்றியதைப் பார்த்தபோது, அன்று கூடத்தில் முழங்காலில் நின்ற பையனுக்காக அந்தச் சொல்லைப் போட்டிருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். கண் கலங்கியது.

அடுத்த மாத முதல் ஞாயிறு திருவிருந்தில் எனக்கு உதவிக்கு நில்லுங்கள். அனுமதி தருகிறேன். உங்கள் பழைய அங்கியைத் துவைக்கக் கொடுத்திருக்கிறேன்.

உங்கள் மருமகன்


ஜூலை 12

மருமகனுக்கு,

இந்தக் கடிதத்தில் உன்னை 'நீ' என்று எழுதுகிறேன். உன்னிடம் கேட்பதற்கு இனி எனக்கு ஒன்றும் இல்லை. அதனால் தைரியம் வந்திருக்கிறது. இதைத் தைரியம் என்று சொல்வது சரியா என்று தெரியவில்லை.

உன் கடிதத்தில் ஒரு பிழை இருக்கிறது. பிழையைப் பார்த்தால் திருத்தாமல் இருக்க முடிவதில்லை, பழக்கம் அப்படி.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எல்லோரும் ஆலயத்திலிருந்து வீடு திரும்பியிருக்கும் நேரம். அவள், "இன்னும் யாருக்குக் காத்துட்டிருக்கீங்க?" என்றாள். தெருமுனைக் கடையில் ரொட்டி வாங்கி வந்தேன். துவைத்து வைத்திருந்த தலையணை உறையை மேசையில் விரித்தேன். கையை இரண்டு முறை கழுவினேன். ரொட்டியைப் பிட்டேன்.

பிரசங்கத்தில் எனக்கு நாக்குத் தடுமாறும். அந்த வார்த்தைகளில் ஒருநாளும் தடுமாறியதில்லை. அன்றும் எல்லாம் வரிசையாக நினைவில் இருந்தன. ஆனால் மருந்துப் புட்டிக்கு அடியில் உன் கடிதம் இருந்தது. 'யார் கையாலும் இல்லை' என்ற வரி மேலாகத் தெரிந்தது. வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. அறையில் எங்களைத் தவிர யாரும் இல்லை. நர்ஸ் கதவுக்கு வெளியே நின்றது எனக்குத் தெரியாது. நீ ஊரின் மறுபக்கத்தில் இருந்தாய். ஆனாலும் பயந்தேன்.

அவள் கவனிக்க மாட்டாள் என்று நினைத்து ரொட்டியை அவள் வாயில் வைத்தேன்.

மெல்லவில்லை. நாக்கில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். "சொல்லுங்க" என்றாள். நான் தட்டைத் துடைத்தேன். "உங்களுக்கும் பக்கவாதமா?" என்றாள். வேடிக்கையாகத்தான் கேட்டாள் என்று முதலில் நினைத்தேன். நான் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தேன். அதை அவள் பார்த்துவிட்டாள். அதற்குப் பிறகு மெல்ல ஆரம்பித்தாள். விழுங்க வெகுநேரம் ஆனது. விழுங்கிவிட்டு, "இது வெறும் ரொட்டிங்க" என்றாள்.

அதன் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. அவள் போன அன்று விடியும்போது நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அப்போதும் பேசவில்லை.

ஆகவே நீ நினைப்பது போல நான் பொய் எழுதித் தரவில்லை. நீ எழுதச் சொன்னது உண்மையைத்தான், நான் சொல்லாமலே அது உனக்குத் தெரிந்திருந்தது போல. நான் மாற்றிய சொல்லும் உனக்காக மாற்றியது அல்ல. அது அவள் சொன்ன சொல். சரியாக இருக்கட்டும் என்று போட்டேன். உன் தடையில் நான் ஒரு எழுத்துக்கூட மீறவில்லை. உன் அதிகாரத்தைப் பற்றி உனக்கு இருந்த சந்தேகத்துக்கு இது பதிலாக இருக்கும்.

அன்று கூடத்தில் உனக்காக நான் மெதுவாகத்தான் சொன்னேன் என்று எழுதியிருந்தாய். அவளுக்கு நான் மெதுவாகக்கூடச் சொல்லவில்லை.

அங்கியைத் துவைத்ததும் வேறு யாருக்காவது கொடுத்துவிடு. சாப்பாடு கொண்டுவரும் பையனை நிறுத்திவிடு. ரொட்டி வாங்கிக்கொள்கிறேன்.

பின்வரிசை வரைக்கும் கேட்டது என்று எழுதியிருக்கிறாய். அவள் படுத்திருந்த பெட்டியை முன்வரிசைக்கும் முன்னால் வைத்திருந்தார்கள்.

மாமா